முழந்தாளிட்ட கோல்கீப்பர்

புதுச்சத்திரம்
16.9.2024

சேசு மரி சூசை துணை

அன்புள்ள அக்சிலியா அக்காவுக்கு, தம்பி சேவியர்ராஜ் எழுதுவது. உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப்போகும் மதருக்கும் என் தோத்திரம்.

நவகன்னியர் இல்லத்தில் சிஸ்டராகப் பயிற்சி எடுக்கும் இந்த ஒரு வருடம் போன் கிடையாது, கடிதம்தான், அதுவும் மதர் படித்த பிறகுதான் என்று நீ சொன்னபோது சிரித்தேன். இன்றைக்கு அதுவே நல்லதாகப் போயிற்று. போன் என்றால் என் குரலிலேயே கண்டுபிடித்திருப்பாய். நேற்று ஏழு கோல் வாங்கினேன்.

நம் செபஸ்தியார் அணி மேல் டிவிஷனுக்கு ஏறியதும் ஊரே வெடி வெடித்ததே, நினைவிருக்கிறதா? அந்த வெடிக் காகிதத்தை இன்னும் கூட்டி முடிக்கவில்லை. அதற்குள் இது. கீழ் டிவிஷனில் பந்து வருவதைப் பார்த்துவிட்டுப் பாயலாம். இங்கே முதலில் சத்தம் கேட்கிறது, திரும்பினால் பந்து வலையில் கிடக்கிறது. அவர்கள் பையன்கள் வருடம் முழுக்க ஓடிப் பழகியவர்கள். நம்மிடம் லாரிக்குப் பாடி கட்டுகிற நான், கோழிப்பண்ணையில் மூட்டை தூக்குகிற ஜெயபிரகாஷ், மீதியும் இப்படித்தான். ஜெயபிரகாஷ் கேப்டன் என்பதால் இடைவேளையில் ஏதாவது பேச வேண்டும் என்று வாயைத் திறந்தான். தண்ணீர் குடித்துவிட்டு மூடிக்கொண்டான்.

அப்பா கோயில் உபதேசியார் இல்லையா, அவருக்கு மட்டும் வாய் அடங்கவில்லை. "ஏழுதானே சாமி? தேவதிரவிய அனுமானமே ஏழுதான். போச்சாது உடு" என்று என் முதுகில் தட்டினார். ஞானஸ்நானத்திலிருந்து சாகும்போது கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் வரைக்கும் ஏழு திருச்சடங்கையும் எனக்கு ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள் என்று எல்லோரும் சிரித்தார்கள்.

மொத்தம் பதினொரு அணி. ஆளுக்குப் பத்து ஆட்டம். கடைசி இரண்டு அணி மறுபடி கீழே போக வேண்டும். என் இடத்தில் நிற்க வேறு ஆளும் இல்லை. இன்னொரு கீப்பர் பிரபா, ரிக் வண்டியில் போர்வெல் போட மத்தியப் பிரதேசம் போய்விட்டான்.

அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை வந்தாலே ராத்திரி கிளவுஸை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சிரிக்காதே.

தம்பி
சேவியர்

*

நவகன்னியர் இல்லம், கொடைரோடு
25.9.2024

இயேசுவில் அன்பான தம்பி சேவியருக்கு,

சிரித்தேன். மதரும் சிரித்தார். "ஏழா?" என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார். இங்கே சாப்பாட்டு நேரத்தில் பேசக்கூடாது. உன் ஏழு கோலை நினைத்து எனக்கு ரசம் புரையேறி, அதற்கும் ஒரு பேச்சு வாங்கினேன்.

பயமாக இருக்கிறது என்று எழுதினாயே, அந்த வரியில் சிரிக்கவில்லை. ஏனென்றால் நானும் மேல் டிவிஷனுக்கு வந்து முழிக்கிறவள்தான். ஆறு வருடம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்தவள், இங்கே டம்ளர் கழுவத் தெரியாதவள் என்று பெயர் வாங்கியிருக்கிறேன். மற்ற பெண்களுக்கு எந்த மணிக்கு எழுவது, எந்த மணிக்கு உட்காருவது என்று எல்லாம் தெரிகிறது. நான் எல்லாவற்றிலும் ஒரு மணி பிந்துகிறேன். பிப்ரவரியில் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து சிஸ்டராவதற்குள் என்னை அனுப்பிவிடுவார்களோ என்று தினமும் பயப்படுகிறேன். மதர் இதைப் படிக்கட்டும், பரவாயில்லை.

தோற்றால் பாவமில்லை. பந்தைக் கையால் பிடி. தலையைக் குறுக்கே கொடுக்காதே. உனக்குச் சின்ன வயதிலிருந்து அந்தக் கோணல் புத்தி உண்டு.

அக்கா
அக்சிலியா

*

புதுச்சத்திரம்
14.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தோற்பதை நிறுத்திவிட்டோம்! முதல் மூன்று ஆட்டமும் போன பிறகு ஜெயபிரகாஷுக்கு ஞானம் பிறந்தது. "ஆடுனா ஏழு வாங்கறோம். இனி ஆடவே வேண்டாம் மாப்ள, நிப்போம்" என்றான். பத்துப் பேரும் என் முன்னால் வேலி போட்ட மாதிரி நிற்கிறார்கள். பந்து கிடைத்தால் எட்டிய தூரத்துக்கு உதைத்துவிட்டு மறுபடி வந்து நிற்கிறார்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஆனால் ஆறாம் தேதி டிரா, நேற்றும் டிரா. இரண்டு பாயிண்ட்.

வேலியில் ஒரு சங்கடம், பந்து எங்கேயிருந்து வருகிறதென்று எனக்குத் தெரியாது. கால்களுக்கு நடுவில் பாய்ந்துதான் எடுக்க வேண்டும். ஆறாம் தேதி அப்படிப் பாய்ந்ததில் ஒருவன் முழங்கால் காதுக்கு மேலே தட்டியது. ஐஸ் வைத்தார்கள், எழுந்துவிட்டேன். அதை விடு.

நேற்று நடந்ததைக் கேள். அவர்களுக்குக் கார்னர். பந்து வரும்போது நான் முழந்தாளிட்டுவிட்டேன். தலையால் முட்டியவன் உயரே முட்டாமல் கீழே முட்ட, பந்து நேராக என் நெஞ்சில் பட்டு வெளியே போய்விட்டது. நின்றிருந்தால் கோல்தான். ஊர்க்காரர்கள், "சாமி கும்புட்டான் பாருங்க, செபஸ்தியாரே வந்து நின்னுட்டாரு!" என்று கத்திவிட்டார்கள். அடுத்த கார்னருக்கு நம் பக்கம் வேடிக்கை பார்த்த அத்தனை பேரும் மண்ணில் முழந்தாளிட்டார்கள். காளியம்மன் கோயில் தெருக்காரர்கள்கூட வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரெஃபரி பயந்தே போனார்.

அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர். பேப்பரில் படம் வந்திருக்கிறது. உனக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

சேவியர்

*

கொடைரோடு
22.10.2024

அன்பான தம்பிக்கு,

படம் வந்தது. மதர் அதை அறிவிப்புப் பலகையில் குத்திவைத்து, "விளையாட்டிலும் செபம் பாருங்கள்" என்று எல்லோருக்கும் காட்டினார். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் என்னை வாழ்த்துகிறார்கள்.

நான் அந்தப் படத்தை நாலு நாளாகப் பார்க்கிறேன். ஒரே ஒரு கேள்வி. செபிக்கிறவன் கைகூப்புவான், இல்லை சிலுவை போடுவான். உன் வலது கை தரையில் ஊன்றியிருக்கிறது. இடது கை ஏன் அப்படித் தொங்குகிறது?

வேறொன்றும் கேட்கவில்லை. காலையில் தலைவலி உண்டா, சாப்பிட்டது தங்குகிறதா, அதையும் எழுது.

அக்கா

*

புதுச்சத்திரம்
2.11.2024, கல்லறைத் திருநாள்

அக்கா,

இதை மதர் படிக்க மாட்டார். வேளாங்கண்ணி அத்தை நாளை உன்னைப் பார்க்க வருகிறார் இல்லையா, முறுக்கு டப்பாவில் அடிக் காகிதத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். அத்தைக்கும் தெரியாது.

நான் செபிக்கவில்லை. கால் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

நீ கேட்ட எல்லாம் உண்டு. காலையில் எழுந்தால் தலைக்குள் யாரோ ரிவிட் அடிக்கிறார்கள். பட்டறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து வேலை செய்கிறேன். இடது கையில் பிடித்த ஸ்பேனர் நழுவுகிறது, நழுவியது தெரிவதில்லை, கீழே விழுந்த சத்தம் கேட்டுத்தான் தெரிகிறது. போன வாரம் ஜெயபிரகாஷ் பெயர் மறந்துபோயிற்று. பத்து வருடமாகக் கூட ஆடுகிறவன். "ஏனுங்க" என்று கூப்பிட்டுச் சமாளித்தேன். அவன் சிரித்தான்.

பந்து இரண்டாகத் தெரிகிறது. மேலே ஒன்று, கீழே ஒன்று. கீழே இருப்பதுதான் நிஜம் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். அதைப் பிடித்துத்தான் இருபத்தேழாம் தேதி ஜெயித்தோம். ஒரு கோல் நாம் போட்டு ஜெயித்தோம் அக்கா, மேல் டிவிஷனில்!

ஆஸ்பத்திரிக்குப் போ என்பாய். போனால் ஆட விட மாட்டார்கள். இருபதாம் தேதி தோற்றும் கையில் ஐந்து பாயிண்ட். நாளையும் சேர்த்து இன்னும் மூன்று ஞாயிறு. பிரபாவை வேலையை விட்டு வரச்சொல்ல முடியாது. அப்பாவைப் பார்த்தால் சொல்ல வாய் வரவில்லை. எந்தக் கடையில் அவரை ஓரமாக நிறுத்தி டீ கொடுத்தார்களோ, அதே கடையில் இப்போது "வாங்க உபதேசியாரே, உக்காருங்க" என்று பெஞ்சைத் துடைத்து விடுகிறார்கள். அந்தப் படத்தைச் சட்டம் போட்டுக் கோயில் சுவரில் மாட்டியிருக்கிறார். செபத்தால்தான் கோல் விழவில்லை என்று ஊரே நம்புகிறது. அதில் போய், "செபம் இல்லைங்க, மயக்கம்" என்று எப்படிச் சொல்ல?

இப்போது ஒவ்வொரு கார்னருக்கும் எல்லோரும் முழந்தாளிடுகிறார்கள். நான் நிற்க முடியாமல் விழுந்தாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயம்.

யாரிடமும் சொல்லாதே. மாதா மேல் ஆணை.

சேவியர்

*

கொடைரோடு
6.11.2024

அன்பான தம்பிக்கு,

அத்தை கொண்டுவந்த முறுக்கு கிடைத்தது. யாருக்கும் கொடுக்காமல் நானே வைத்திருக்கிறேன். ஆனால் அது கெட்டுப்போன முறுக்கு. நீ அதை இனித் தொடாதே. முக்கியமாக ஞாயிற்றுக்கிழமைகளில் தொடாதே. வயிற்றைக் காட்ட உடனே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. நாளைக்கே போ. கெஞ்சிக் கேட்கிறேன் சாமி.

அக்கா

*

புதுச்சத்திரம்
11.11.2024

அன்புள்ள அக்காவுக்கு,

முறுக்கை யாருக்கும் பங்கு வைக்கவில்லை என்று தெரிந்து நிம்மதி. உன்னை நம்பியது வீண் போகவில்லை. மூன்றாம் தேதி தோற்றோம். நேற்று டிரா. ஆக ஆறு பாயிண்ட். வருகிற ஞாயிறு, பதினேழாம் தேதி, நாமக்கல்லில் கடைசி ஆட்டம். ஒரு டிரா போதும், மேலேயே இருந்துவிடுவோம்.

முறுக்கு இரண்டு என்று சொன்னேனே, இப்போது சில சமயம் மூன்று. எதை எடுப்பது என்றுதான் தெரியவில்லை.

ஒரே ஒரு ஞாயிறு அக்கா.

சேவியர்

*

கொடைரோடு
15.11.2024

தம்பி சேவியருக்கு,

இது உன் கைக்கு வருவதற்குள் ஞாயிறு முடிந்திருக்கும். தெரிந்தேதான் எழுதுகிறேன். உனக்கு எழுதுகிற சாக்கில் மதருக்கு எழுதுகிறேன். உன்னிடம் பேச இங்கிருந்து ஒரே வழிதான் உண்டு, அந்த வழியில் மதர் உட்கார்ந்திருக்கிறார்.

மதர், இந்தக் கடிதத்தோடு எண்ணெய்க் கறை பட்ட ஒரு காகிதம் இருக்கிறது. அது பன்னிரண்டு நாளாக என் தலையணை உறைக்குள் இருந்தது. நீங்கள் படிக்காத கடிதத்தை வைத்திருப்பது தப்பு என்று தெரியும். போன வாரம் முறுக்கைப் பற்றி நான் எழுதியதும் பொய். அந்தப் பொய்யை நீங்கள் படித்துவிட்டு, "வயிற்று உபாதைக்கு ஓமம் நல்லது என்று எழுது" என்றீர்கள். அன்றைக்கே காலில் விழுந்து சொல்லியிருக்க வேண்டும். வார்த்தைப்பாடு போய்விடுமோ என்று பயந்து, செபமாலை சொல்லிக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். நர்ஸ் நான்! அவன் தலைக்குள் ரத்தம் கசிகிறது மதர். இந்த மாதிரி மூன்று பேரை வார்டில் பார்த்திருக்கிறேன். ஒருவர் பேசிக்கொண்டே இருந்தவர், நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் பேசவில்லை.

அப்பாவுக்கு இப்போதே போன் செய்யுங்கள். பெயர் சவரிராயன். அவன் ஒன்றுமில்லை என்பான், நம்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு பந்தைக் காட்டி எத்தனை என்று கேட்கச் சொல்லுங்கள்.

சேவியர், மாதா மேல் ஆணை போட்டாய். நான் அந்த ஆணையை ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும் மீறியிருப்பேன். மாதாவும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள்தான், அவளுக்குப் புரியும்.

அக்சிலியா

*

சேலம், ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி
30.11.2024

அக்கா,

வலது கையால் எழுதுகிறேன். மொட்டைத் தலை. வலது காதுக்கு மேலே ஒரு தையல். டாக்டர் ஓட்டை போட்டுக் கெட்டுப்போன ரத்தத்தை வெளியே எடுத்தார்.

நடந்ததை உனக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மதர் வெள்ளிக்கிழமை சாயங்காலமே அப்பாவுக்குப் போன் செய்துவிட்டார். அப்பா என்னிடம் வந்து, "என்ன சாமி, அக்கா என்னமோ சொல்றாளாமா?" என்று கேட்டார். "அவ நர்ஸுங்கப்பா, தும்முனாலும் ஸ்கேன் எடுக்கோணும்பா" என்றேன். சிரித்தேன். அவரும் சிரித்தார். நம்பிவிட்டார். இல்லை, நம்பத்தான் ஆசைப்பட்டார். பந்து எதையும் அவர் காட்டவில்லை.

ஞாயிறு, நாமக்கல் மைதானம். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் முதல் கார்னர். ஊர் மொத்தமும் முழந்தாளிட்டது. எனக்கும் கால் விட்டது. தலை நிமிர்த்திப் பார்த்தால் அத்தனை பேருக்கு நடுவில் ஒரே ஒருவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அப்பா. அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கோட்டைத் தாண்டி உள்ளே நடந்து வந்தார். ரெஃபரி விசில் ஊதுகிறார், எல்லோரும் கத்துகிறார்கள், அவர் காதில் விழவில்லை. பந்தைக் கையில் எடுத்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"எத்தனை பந்து சாமி?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது அக்கா. மூன்று பந்தும் நடுங்கின.

"மூணுங்கப்பா."

அவர் என் கையிலிருந்து கிளவுஸைக் கழற்றினார். இடது கை கிளவுஸைக் கழற்றியது எனக்குத் தெரியவே இல்லை.

ஜெயபிரகாஷ் கீப்பராக நின்றானாம். இரண்டு கோல். கீழே இறங்கிவிட்டோம். டாக்டர் அப்பாவிடம், "இன்னும் ஒரு தட்டு பட்டிருந்தா நீங்க என்கிட்ட கொண்டாந்திருக்க வேண்டியதே இல்லீங்க" என்றாராம். அன்று சாயங்காலம் டீம் வேனிலேயே எல்லோரும் வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் முழந்தாளிட்டிருக்கிறார்கள். "ஸ்ட்ரெச்சர் போகோணும், எந்திரிங்க" என்று நர்ஸ் விரட்டினாராம். மற்றவர்கள் எழுந்தார்கள், அப்பா எழவில்லை என்று அம்மா சொன்னாள். ஊருக்குப் போனதும் முதல் வேலையாகக் கோயில் சுவரிலிருந்து அந்தப் படத்தைக் கழற்றிவிட்டார். டீக்கடைக்குப் போவதில்லை.

உன்மேல் நாலு நாள் கோபமாக இருந்தேன். காட்டிக்கொடுத்தவள் என்று மனதுக்குள் திட்டினேன். அப்புறம் படுத்தே கிடந்ததில் ஒன்று யோசித்தேன். ஊரில் இத்தனை பேர் இருக்கிறார்கள். ஜெயபிரகாஷிடம் சொல்லியிருந்தால் செத்தாலும் வாய் திறக்க மாட்டான். அவனிடம் சொல்லவில்லை. கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற வீட்டில் இருக்கிற, பொய் சொன்னால் காது சிவந்துவிடுகிற, நர்ஸ் வேலை பார்த்த உனக்குத்தான் எழுதினேன். சொல்லாதே என்று எழுதும்போதே, சொல்லிவிடு என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

இடது கை இன்னும் வரவில்லை. வரும் என்கிறார்கள். வராவிட்டால்? இதை அம்மாவிடம் கேட்க முடியவில்லை. உன்னிடம் கேட்கிறேன்.

சேவியர்

*

கொடைரோடு
6.12.2024

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை மதர் இந்தத் தடவை பிரிக்கவில்லை. ஒட்டியபடியே கையில் கொடுத்து, "நீயே படி, அழுதா சொல்லு" என்றார். அழுதேன், சொன்னேன்.

என் வார்த்தைப்பாடு ஆறு மாதம் தள்ளிப் போயிருக்கிறது. அந்தக் காகிதத்தைக் காட்டியதற்காக இல்லை, பன்னிரண்டு நாள் மறைத்ததற்காக. சரியான தண்டனைதான். கூட இருந்தவர்கள் பிப்ரவரியில் வார்த்தைப்பாடு கொடுத்துச் சேலை மாற்றும்போது நான் புதிதாக வருகிற பெண்களோடு முதல் பெஞ்சில் மறுபடி உட்காருவேன். ஆக, செபஸ்தியார் அணியோடு நானும் ஒரு டிவிஷன் இறங்கிவிட்டேன். அப்பாவிடம் சொல், சிரிக்கட்டும். அவரை டீக்கடைக்குப் போகச் சொல். எல்லோரும் முழந்தாளிட்டபோது எழுந்து நின்றவருக்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இடது கை வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாய். எனக்குத் தெரியாது. நர்ஸாகவும் தெரியாது, அக்காவாகவும் தெரியாது. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. மணி அடிக்கும்போதெல்லாம் உன் கை ஞாபகம் வருகிறது.

இனிமேல் எனக்கு இடது கையால் எழுது. ஒரு வரி போதும். கோழி கிளறிய மாதிரி இருந்தாலும் படிப்பேன்.

அக்கா

*

21.12.2024

அக்கா
இது இடது கை
எழுத ரெண்டு நாள் ஆச்சு
பயம் போகல
அப்பா பந்து காட்டினார்
ஒண்ணுதான்